பெட்டியில் இருப்பதும் வெளியே இருப்பதும்: பிளெட்சர் ஹெண்டர்சனின் நான்கு இசைத்தட்டுகள்

இந்தப் பெட்டியின் பெயரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ‘எ ஸ்டடி இன் ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்று கொலம்பியா நிறுவனம் 1961ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் சூட்டியது. கைகூடாமல் போன ஒரு வாழ்வை ஆராய்தல் என்று அதைத் தமிழில் விளங்கிக்கொள்ளலாம். நான்கு எல்.பி. தட்டுகள், 64 ஒலிப்பதிவுகள், 1923 முதல் 1938 வரை பதினைந்து ஆண்டுகள், அத்தனைக்கும் நடுவில் பிளெட்சர் ஹெண்டர்சன் என்னும் ஒரே மனிதர். ஸ்விங் என்னும் ஜாஸ் நடன இசையின் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு எழுதும் முறையை வகுத்துக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். மூன்று மாதங்களாக இத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், குழுத் தலைவராக அவர் பட்ட பாட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும், இசையைப் பல வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் அரேஞ்சராக அவர் செய்து முடித்த வேலைக்கு அது பொருந்தாது என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். பெட்டி முதலாமவரைப் பற்றியது. இரண்டாமவரை முழுமையாகக் கேட்க விரும்புவோர் பெட்டிக்கு வெளியேயும் தேட வேண்டியிருக்கிறது.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வசிப்பவன். தேவாலயத் திருவிழாக்களுக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் வாசிக்கும் ஒரு பேண்டு செட்டில் 22 ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தேன். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி வரைக்கும் போய் வாசித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புவோம். ஆகவே ஜாஸ் அறிஞன் என்ற தகுதியில் அல்ல, ஒருவர் எழுதிக் கொடுத்த வரியை மற்றவர்களோடு சேர்ந்து ஊதிப் பழகியவன் என்ற தகுதியில்தான் இதை மதிப்பிடுகிறேன். எங்கள் மாஸ்டர் ஒரு திரைப்பாடலைக் கேட்டு, கார்னெட்டுக்கு இது, கிளாரினெட்டுக்கு இது, ட்ராம்போனுக்கு இது, யூஃபோனியத்துக்கு இது எனப் பிரித்துக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதித் தருவார். நோட்டில் பாதிக்கு மேல் எம்.எஸ். விஸ்வநாதனின் பாடல்களே இருக்கும்; அவர் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்தவர் என்ற உரிமையும் அதற்கு ஒரு காரணம். அரேஞ்சர் என்பவர் யார் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். மெட்டு இன்னொருவருடையதாக இருக்கலாம். அதை எத்தனை பேர், எந்தக் கணத்தில், எந்தச் சுரத்தில் ஊத வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அரேஞ்சர்.

ஹெண்டர்சன் 1897 டிசம்பர் 18 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கத்பர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை பள்ளி முதல்வர். தாய் பியானோ கற்பித்தவர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு, மேற்படிப்பு எண்ணத்தோடு 1920இல் நியூயார்க் சென்றார். கறுப்பின வேதியியலாளருக்கு அந்நகரம் வேலை கொடுக்கவில்லை. பாட்டுத் தாள்களை அச்சிட்டு விற்கும் பேஸ் அண்ட் ஹேண்டி நிறுவனத்தில், வாடிக்கையாளருக்குப் பாட்டை வாசித்துக் காட்டும் பியானோக்காரராகச் சேர்ந்தார். அதன் பங்குதாரர் ஹாரி பேஸ் 1921இல் பிளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது ஹெண்டர்சனும் உடன் சென்றார். பாடகி எத்தல் வாட்டர்ஸுக்குப் பக்கவாத்தியமாகச் சுற்றுப்பயணம் செய்த காலத்தில், இவருடைய வாசிப்பில் காரம் போதவில்லை என்று கண்ட அந்த அம்மையார், பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ ரோல்களை (தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட தாள் சுருள்களை) கேட்டுப் பழகும்படி இவரை வற்புறுத்தியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஒரு நாட்டையே ஆட வைத்த எழுத்துக்குச் சொந்தக்காரர், ஆட்டத்துக்கு வாசிக்கத் தெரியாதவராகத் தொடங்கினார் என்பது எனக்கு ஆறுதலான செய்தி.

பெட்டியின் முதல் பகுதி இந்தத் தொடக்க காலத்துக்குரியது. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே பெட்டியை மூடி வைத்துவிடக்கூடும். 1923, 1924ஆம் ஆண்டுப் பதிவுகள் மைக்ரோஃபோன் வருவதற்கு முந்தியவை. பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று வாசித்ததை ஊசி மெழுகில் கீறிய காலம் அது. டியூபாவும் பாஞ்சோவும் தாளத்தைக் குத்திக் குத்தி நடத்துகின்றன. ஆயினும் டான் ரெட்மன் என்ற சாக்ஸஃபோன் கலைஞரின் கைவண்ணத்தை இப்பகுதியில் கவனிக்க வேண்டும். கடையில் அச்சாகி வரும் பொது ஏற்பாட்டை வாங்கி, அதை வெட்டி, இடையில் புதிதாக எழுதி, பிராஸ் எனப்படும் பித்தளைக் குழல்களை ஒரு கட்சியாகவும், ரீட் எனப்படும் சீவாளிக் கருவிகளை மறு கட்சியாகவும் பிரித்து நிறுத்தியவர் அவர். ஹெண்டர்சன் குழு 1924இல் பிராட்வேயில் இருந்த ரோஸ்லாண்ட் நடனக்கூடத்தில் இடம் பிடித்தது. அதே ஆண்டு கார்னெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவிலிருந்து வந்து சேர்ந்து, ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம் உடன் இருந்தார்.

1925 மே மாதம் பதிவான ‘சுகர் ஃபுட் ஸ்டாம்ப்’ அந்தச் சந்திப்பின் விளைவு. ரெட்மன் எழுதிய பகுதிகள் இஸ்திரி போட்ட சட்டைபோல் விறைப்பாக நிற்க, நடுவில் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் தன் குரு கிங் ஆலிவரின் பழைய வாசிப்பைத் தழுவி எழும்போது, குழு முழுவதும் அதுவரை வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருந்ததுபோல் தோன்றிவிடுகிறது. ஸ்விங் என்னும் சொல்லை நம் ஊர்க் காதுக்கு விளக்குவதானால் நடையை வைத்துத்தான் விளக்க வேண்டும். தாளில் ஒரு தட்டுக்கு இரண்டு சமமான சுரங்கள் எழுதியிருக்கும். வாசிப்பவர் அவற்றைச் சமமாக வாசிப்பதில்லை. திஸ்ர நடையின் மூன்று மாத்திரையில் முதல் இரண்டையும் சேர்த்து ஒரு சுரமாகவும், கடைசி ஒன்றை இன்னொரு சுரமாகவும் வாசிப்பதற்கு நெருக்கமான ஒரு சாய்வு அதில் இருக்கிறது. அந்தச் சாய்வைத் தனி ஒருவர் வாசிப்பது எளிது. பத்துப் பேர் ஒரே அளவில் சாய வேண்டும் என்றால், சாய்வதற்கு இடம் கொடுத்து எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆம்ஸ்ட்ராங் ஒருவராய்ச் செய்ததைக் குழு முழுவதற்கும் எப்படி எழுதுவது என்ற ஒரே கேள்வியோடுதான் பெட்டியின் அடுத்த பத்தாண்டுகள் நகர்கின்றன.

ரெட்மன் 1927இல் விலகி மெக்கின்னீஸ் காட்டன் பிக்கர்ஸ் குழுவுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு ஹெண்டர்சன் ஒரு மோட்டார் விபத்தில் காயமுற்றார். அதன் பிறகு அவருக்குத் தொழிலில் அக்கறை தளர்ந்துவிட்டது என்று மனைவி லியோரா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இடைக்காலத்தில் பென்னி கார்ட்டர் எழுதினார். தம்பி ஹொரேஸ் ஹெண்டர்சனும் எழுதினார். இந்த இடத்தில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: பெட்டியின் மேல் அண்ணன் பெயர் இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் அண்ணன் எழுதியவை என்று எண்ணிவிடக் கூடாது. 1931இல் பதிவான ‘ஹாட் அண்ட் ஆங்க்ஷஸ்’ தம்பியின் எழுத்து. அதில் சாக்ஸஃபோன்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு சிறு துணுக்கு, அதற்கு முந்தைய ஆண்டிலேயே விங்கி மனோனின் தட்டில் வந்தது, 1939இல் கிளென் மில்லரின் ‘இன் தி மூட்’ வழியாக உலகெங்கும் பரவியது. எங்கள் பேண்டு செட்டும் அதைக் கல்யாண வரவேற்பில் வாசித்திருக்கிறது. அது யாருடைய துணுக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தட்டில் கேட்டபோது உண்மையில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஹெண்டர்சன் முப்பதுகளின் தொடக்கத்தில், வேறு வழியின்றி என்றே சொல்லலாம், தாமே எழுத முனைந்தார். அவருடைய முறையை இரண்டு வார்த்தையில் கேள்வி, பதில் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது சரிதான், ஆனால் போதாது. நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவில் பஞ்சவாத்தியம் கேட்டவர்களுக்கு, திமிலைக்காரர்கள் வரிசையாக நின்று ஒரு சொல்லைக் கொட்டி முடிக்க, எதிர் வரிசை மத்தளங்கள் அதை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லும் அழகு தெரியும். கொம்புகள் இரண்டுக்கும் மேலே எழுந்து முத்தாய்ப்பு வைக்கும். இரு கட்சிகளும் ஒரே நேரத்தில் கத்துவதில்லை. ஹெண்டர்சனின் தாளிலும் அதுதான் அடிப்படை. சாக்ஸஃபோன்கள் ஒரு நீண்ட வாக்கியத்தை இழுத்துச் செல்லும். அந்த வாக்கியம் மூச்சு வாங்கும் இடத்தில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் சுருக்கென இரண்டு சொல் சொல்லும். சொல்லிவிட்டு உடனே ஒதுங்கிவிடும்.

இதில் ஒரு நடைமுறைச் சூட்சுமம் இருப்பதை வாத்தியம் ஊதியவர்கள் மட்டுமே உடனே உணர்வார்கள். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து 1932ஆம் ஆண்டின் ‘நியூ கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ தட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், முடிந்ததும், “தம்பி, இந்த ஆளு ஊதறவனுக்கு மூச்சு விட எடம் வெச்சு எழுதியிருக்கான், இவன்கிட்ட வாசிச்சவன் ஒருத்தனும் உதடு வீங்கி வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்” என்றார். இசை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைவிட இது எனக்குத் தெளிவாக இருந்தது. ஒரு கட்சி பேசும்போது மறு கட்சி உண்மையாகவே ஓய்வெடுக்கிறது. ஓய்ந்தவன் திரும்ப வரும்போது சொல்லில் வலு இருக்கிறது. கேட்பவருக்குக் கலகலப்பாகத் தோன்றுவது, வாசிப்பவருக்குச் சிக்கனமான உழைப்பு.

‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ என்னும் ஜெல்லி ரோல் மார்ட்டனின் பழைய பியானோ உருப்படியை ஹெண்டர்சன் குழு மறுபடி மறுபடி பதிவு செய்தது. 1928ஆம் ஆண்டுப் பதிவும் 1932ஆம் ஆண்டுப் பதிவும் இதே பெட்டியில் இருப்பதை இந்த வெளியீட்டின் மிகப் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் ஓர் ஏற்பாடு நான்கு ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது என்பதை ஒரே மாலையில் கேட்டுவிடலாம். முதலாவதில் தனி வாசிப்புகளை அடுத்தடுத்து நிறுத்தி வைத்ததுபோன்ற அமைப்புதான் தெரிகிறது. இரண்டாவதில் பாபி ஸ்டார்க்கின் ட்ரம்பெட், கோல்மன் ஹாக்கின்ஸின் டெனர் சாக்ஸஃபோன், ட்ராம்போன்கள், ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட் என்று எல்லாரும் தனியாக வாசித்தாலும், பின்னால் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. தனி வாசிப்பவரைச் சுற்றிச் சிறு சிறு துணுக்குகளைப் போட்டு அவரை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிச் சுற்றுகளில் பிராஸும் ரீடும் நேருக்கு நேர் மோதுகின்றன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பில் இறங்குவதை இங்கே பலர் நினைத்துக்கொள்ளக்கூடும். ஒரு வேறுபாடு உண்டு. குறைப்பில் அளவு பாதி பாதியாகச் சுருங்குகிறது. ஹெண்டர்சனிடம் அளவு மாறுவதில்லை, அழுத்தம்தான் ஏறுகிறது. அந்த 1932 பதிவு நாளில் கலைஞர்கள் குறித்த நேரத்துக்கு வெகுவாகப் பிந்தி வந்து, எஞ்சிய சிறு பொழுதில் மூன்று உருப்படிகளை முடித்துக் கொடுத்ததாக அதை மேற்பார்வையிட்ட ஜான் ஹேமண்ட் எழுதியிருக்கிறார். தட்டில் அந்த அவசரம் துளியும் இல்லை.

1933ஆம் ஆண்டின் ‘குவீர் நோஷன்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை. ஹாக்கின்ஸ் இயற்றியது, அந்தக் காலத்து நடனக் கூடத்தில் யார் இதற்கு ஆடினார்கள் என்று வியக்க வைக்கும் அளவுக்கு அதன் சுரங்கள் விநோதமாக அலைகின்றன. பெட்டியில் நான் அதிகமுறை கேட்டது இதுவே.

இனிக் குறைக்கு வருகிறேன். இந்தப் பெட்டியைத் தொகுத்த பிராங்க் டிரிக்ஸ், கொலம்பியா நிறுவனத்தின் உடைமையாக இருந்த கொலம்பியா, ஓகே, புரன்ஸ்விக், வொகேலியன் முதலிய முத்திரைகளிலிருந்து தேர்ந்தெடுத்தார். ஹெண்டர்சனின் பேனா உச்சத்தில் இருந்த 1934 செப்டம்பரில் குழு டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. டெக்கா வேறு வீடு. ஆகவே ஹெண்டர்சனே இயற்றி எழுதிய ‘ராப்பின் இட் அப்’, ‘டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்’ ஆகிய இரண்டு உருப்படிகளின் அந்தப் பதிவுகளுக்கு இப்பெட்டியில் இடமில்லை. ஒரு புலவரின் தொகைநூலை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தால், அவர் பெயர் நிலைக்கக் காரணமான பதிகம் மட்டும் வேறு பதிப்பகத்தாரிடம் உரிமை இருப்பதால் சேர்க்கப்படவில்லை என்பதைப் போன்றது இது. தொகுத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டையும் தனியாகத் தேடிக் கேட்டேன். இணையத்தில் பாட்டுச் சேவைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ‘ராப்பின் இட் அப்’ தொடங்கும் இடத்தில் சாக்ஸஃபோன்கள் மெட்டைச் சுமந்து செல்ல, பிராஸ் இடையிடையே ஒற்றைச் சொல் வீசுகிறது. ஹில்டன் ஜெஃபர்சனின் ஆல்ட்டோ சாக்ஸஃபோன் வரும்போது பிராஸ் குரலைத் தாழ்த்திப் பின்னணிக்குப் போய்விடுகிறது. ரெட் ஆலனின் ட்ரம்பெட் வரும்போது இப்போது ரீடின் முறை. யார் முன்னால், யார் பின்னால் என்பது மாறிக்கொண்டே இருக்க, கேட்பவருக்கு மெட்டின் நூல் ஒரு கணமும் அறுவதில்லை. ‘டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்’ இன்னும் துணிச்சலானது. ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கும் வழக்கத்தை விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மெட்டுகளுக்கு நகர்ந்து, சுருதி மாறி, இறுதியில் சாக்ஸஃபோன்காரர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கிளாரினெட்டுகளை எடுத்துச் சேர்ந்து ஊதுகிறார்கள். கிளாரினெட்காரன் என்ற முறையில் அந்தக் கடைசி அரை நிமிடத்தைப் பற்றி நடுநிலையோடு எழுத என்னால் இயலாது. ஹாக்கின்ஸ் அந்த ஆண்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். இந்தப் பதிவுகளில் டெனர் வாசிப்பவர் பென் வெப்ஸ்டர்.

இத்தகைய தட்டுகளைப் பதிவு செய்த இரண்டே மாதங்களில் குழு கலைந்தது. வாசிப்பதற்கு ஒப்பந்தம் இல்லை, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அதே 1934 டிசம்பரில் நியூயார்க்கில் என்.பி.சி. வானொலி ‘லெட்ஸ் டான்ஸ்’ என்ற மூன்று மணி நேர சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பிஸ்கட் நிறுவனம் ஒன்றின் செலவில் நடந்த அந்நிகழ்ச்சியில் வெள்ளையரான கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் புதிய குழு இடம் பெற்றது. வாரந்தோறும் புதிய உருப்படிகள் வேண்டும், அவற்றை எழுதி வாங்க வானொலி பணமும் தரும் என்ற நிலையில், ஹேமண்ட் சொன்னதன் பேரில் குட்மன் ஹெண்டர்சனை நாடினார். ஹெண்டர்சன் தம் பழைய கையெழுத்துத் தாள்களை விற்றார். புதிதாகவும் எழுதிக் கொடுத்தார்.

ஆகவே பெட்டிக்கு வெளியே தேட வேண்டிய இரண்டாவது தொகுதி, குட்மன் விக்டர் நிறுவனத்துக்காக 1935இல் செய்த பதிவுகள். ஜூலை 1 அன்று ஒரே அமர்வில் ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’, ‘ஸம்டைம்ஸ் ஐ’ம் ஹேப்பி’ இரண்டும் பதிவாகி, ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன. முன்னதில் பனி பெரிகனின் ட்ரம்பெட் தொடங்கி வைக்கிறது, ஜீன் க்ரூப்பாவின் டிரம்ஸ் பின்னால் இருந்து தள்ளுகிறது, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹெண்டர்சன் குழுவில் கேட்ட அதே இறுதி மோதல் இங்கே இம்மி பிசகாமல் ஒலிக்கிறது. துல்லியம் குட்மனுடையது, சூடு ஹெண்டர்சன் குழுவினுடையது, எனக்கு 1932தான் நெருக்கம் என்றாலும், எழுதியவர் நினைத்த வடிவத்தைக் கோடு கோடாகப் பார்க்க 1935 உதவுகிறது. பின்னது வேறு வகை. அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு மேடை நாடகப் பாட்டு அது. அதில் நான்கு சாக்ஸஃபோன்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு சுற்று வருகிறது. ஒரே கலைஞர் மனம் போனபடி கற்பனை செய்து வாசிப்பதைப்போல் அது வளைந்து நெளிந்து போகிறது, ஆனால் நான்கு பேருக்கும் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் தனியாகச் செய்ததைக் குழுவுக்கு எழுதுவது எப்படி என்று முன்னே சொன்ன கேள்விக்கு இந்தச் சுற்றுதான் விடை. அது வேறொருவர் குழுவில், வேறொருவர் பெயரில் வெளிவந்தது.

வானொலி நிகழ்ச்சி 1935 மே மாதம் நின்றுபோனது. கிழக்குக் கரையில் நள்ளிரவைத் தாண்டி ஒலித்த குட்மனின் பகுதி, நேர வேறுபாட்டால் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் விழித்திருக்கும் வேளையில் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பலோமார் நடனக்கூடத்தில் குட்மன் ஹெண்டர்சனின் தாள்களை எடுத்து வைத்தபோது கூட்டம் மேடையைச் சூழ்ந்துகொண்டது. ஸ்விங் காலம் அந்த இரவில் பிறந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். 1938 ஜனவரி 16 அன்று கார்னகி மண்டபத்தில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியிலும் ‘ஸம்டைம்ஸ் ஐ’ம் ஹேப்பி’, ‘புளூ ஸ்கைஸ்’ என ஹெண்டர்சனின் எழுத்து ஒலித்தது. தனக்கு வெற்றி தேடித் தந்தவர் யார் என்பதைக் குட்மன் மறைக்கவில்லை. ஹெண்டர்சனின் பங்கைப் பலமுறை வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் ஒரே தாளை வெள்ளையர் குழு வாசித்தபோது திறந்த கதவுகள் கறுப்பர் குழு வாசித்தபோது திறக்கவில்லை என்பது வரலாறு. பெட்டிக்கு இட்ட பெயரின் நியாயம் அந்த இடத்தில் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை.

ஹெண்டர்சன் 1936இல் மீண்டும் குழு அமைத்தார். ராய் எல்ட்ரிட்ஜ், சூ பெரி போன்ற இளைஞர்களோடு சிகாகோவின் கிராண்ட் டெரஸ் விடுதியில் வாசித்த அந்தக் குழுவின் ‘கிறிஸ்டோஃபர் கொலம்பஸ்’ நன்றாக விற்ற தட்டு, பெட்டியில் இருக்கிறது. அதன் பிறகான பதிவுகளைக் கேட்கும்போது என் ஆர்வம் குறைந்தது. தன் முறையையே தான் திரும்ப எழுதும் ஒருவரைக் கேட்கிறோம். நாடு முழுவதும் எல்லாக் குழுக்களும் அதே முறையில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கண்டுபிடித்தவருக்கே அது சலித்திருக்கலாம். 1939இல் குழுவைக் கலைத்துவிட்டுக் குட்மனிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1950இல் பக்கவாதம் தாக்கியது. 1952 டிசம்பர் 29 அன்று நியூயார்க்கில் காலமானார். பெட்டி வெளிவந்தபோது அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி பொருளின் நிலை. நான் 5,500 ரூபாய் கொடுத்தேன். விற்றவர் நான்கு தட்டுகளும் கீறல் இல்லாதவை என்று தொலைபேசியில் உறுதி சொன்னார். கீறல் இல்லை என்பது உண்மைதான், ஆனால் இரண்டாம் தட்டு அப்பளம்போல் விளிம்பில் வளைந்திருந்தது, உறைகளுக்குள் பூஞ்சை பூத்திருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பூஞ்சையைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்துப் போக்கினேன். பெயர்ச்சீட்டில் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளைவைப் போக்கத் தட்டைக் கனத்த புத்தகங்களுக்கு அடியில் ஆறு வாரம் வைத்தேன். ஓரளவு படிந்திருக்கிறது, ஊசி இன்னும் முதல் உருப்படியில் ஏறி இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஆண்டில் பாதி நாள் உலர்ந்து வீசினாலும், இடவப்பாதி மழை தொடங்கியதும் அட்டை உறைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. தட்டுகளை உறையிலிருந்து எடுத்துத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் நிமிர்த்தி வைப்பதே நம் பக்கத்துக்கு ஏற்றது.

ஒலியைப் பொறுத்தவரை எல்லாமே மோனோ; 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. 1931க்குப் பிந்தைய பதிவுகளில் டியூபாவின் இடத்தில் டபுள் பேஸும் பாஞ்சோவின் இடத்தில் கிதாரும் வந்து தாளம் குத்துவதை விட்டு நடக்கத் தொடங்குவது, என்னுடைய சாதாரண பிளேயரிலும் சிறிய ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டது. உடன் வரும் கையேடு பொறுமையாக எழுதப்பட்டது. புகைப்படங்கள் நிறைய உண்டு. என் பிரதியில் நடுப்பக்கத்துத் தைப்பு விட்டுப்போயிருந்தது, அதற்கு விற்றவரை நோக வேண்டியதில்லை, வயதாகிவிட்டது.

தட்டு சுழற்றும் கருவி இல்லாதவர்கள் 1994இல் மூன்று குறுந்தகடுகளாக வந்த மறுவெளியீட்டைத் தேடலாம். வளையாது, பூஞ்சையும் பிடிக்காது. எதை வாங்கினாலும், முதல் தட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம் என்பது என் யோசனை. முதலில் 1932ஆம் ஆண்டின் ‘நியூ கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’, அதையடுத்து இணையத்தில் குட்மனின் 1935 பதிவு, பிறகு ‘ராப்பின் இட் அப்’. அதன் பிறகு 1925க்குத் திரும்பிப் போய் ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டால், அந்தப் பழைய ஒலிக்குக் காது தானாகவே பழகிக்கொள்ளும். எங்கள் மாஸ்டர் ‘டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்’ கிளாரினெட் பகுதியைக் காதால் கேட்டு எழுதித் தருவதாகச் சொல்லி, கோடு போட்ட நோட்டு ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார். இதுவரை எட்டுக் கோடு முடிந்திருக்கிறதாம்.